நூறு தேங்காயில் எத்தனை அழுகல்? ஈருறுப்புப் பரவலின் பரவற்படி

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் 100 தேங்காய் வாங்குகிறீர்கள். தட்டிப் பார்க்கலாம், காதருகே வைத்து ஆட்டியும் பார்க்கலாம். உடைக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாது. ஒரு காய் அழுகலாக இருப்பதற்கான நிகழ்தகவு 0.1 என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட எண், கடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்). இப்படி ஒவ்வொரு காய்க்கும் அழுகல், நல்லது என்று இரண்டே முடிவு இருக்கும்போது, மொத்த அழுகல் எண்ணிக்கை எப்படி அமையும் என்று சொல்வதே ஈருறுப்புப் பரவல். சராசரியாக 10 காய் அழுகும். அந்த 10-ஐச் சுற்றி எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அளப்பதுதான் பரவற்படி. தொடக்கக் கல்லூரியில் ‘வேரியன்ஸ்’ என்று கேட்டிருப்பீர்கள்.

‘ஏ’ நிலைத் தேர்வின் சூத்திரப் பட்டியலில் விடை அச்சாகியே இருக்கும்: ந × ப × (1 − ப). இதில் ந முயற்சிகளின் எண்ணிக்கை (இங்கே காய்களின் எண்ணிக்கை), ப அழுகலுக்கான நிகழ்தகவு. ஆனால் சூத்திரம் எங்கே செல்லாது என்பது அதைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கே பிடிபடும்.

படி 1: ஒரே ஒரு காய்

அழுகல் என்றால் 1, நல்லது என்றால் 0. சராசரி 0.1.

அழுகலின் விலக்கம் (சராசரியிலிருந்து உள்ள தூரம்) 1 − 0.1 = 0.9. வர்க்கம் 0.81. நிகழ்தகவால் பெருக்கினால் 0.81 × 0.1 = 0.081.
நல்ல காயின் விலக்கம் −0.1. வர்க்கம் 0.01. பெருக்கினால் 0.01 × 0.9 = 0.009.

கூட்டினால் 0.09. அதாவது 0.1 × 0.9, ப × (1 − ப) பிறந்த இடம் இதுதான்.

படி 2: நூறு காய்

100 × 0.09 = 9.

படி 3: வர்க்கமூலம்

வர்க்கங்களில் அளந்த 9-ஐக் காய் எண்ணிக்கைக்குத் திருப்ப வர்க்கமூலம் எடுக்கிறோம்; அதுதான் திட்ட விலக்கம்: 3. ஆகவே அழுகல் பெரும்பாலும் 7 முதல் 13 வரை இருக்கும். பலர் 9-லேயே நின்றுவிட்டு அதையே ஏற்ற இறக்கம் என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இப்போது படி 2-க்குத் திரும்புங்கள். நூறு பரவற்படிகளை அப்படியே கூட்டினோமே, யார் அனுமதி தந்தது? ஒரு காய் அழுகுவது இன்னொன்றைப் பாதிக்காது என்ற அனுமானம் தந்தது. நூறும் ஒரே சாக்கில் மழையில் நனைந்து கிடந்திருந்தால்? அழுகினால் எல்லாம் அழுகும், இல்லையென்றால் ஒன்றும் அழுகாது என்ற எல்லைக்கே போய்ப் பாருங்கள். சராசரி அப்போதும் 10-தான். ஆனால் ஒவ்வொரு விலக்கமும் ஒரு காயின் விலக்கத்தைப் போல நூறு மடங்கு, அதன் வர்க்கம் 100 × 100 மடங்கு. ஆகவே பரவற்படியோ 100 × 100 × 0.09 = 900; திட்ட விலக்கம் 30. கடையில் இருக்கும் சாக்கு இந்த 9-க்கும் 900-க்கும் நடுவில் எங்கோ இருக்கும்.