அப்பா போனப்புறம் மாமா வீட்டுக்கு குடி மாறுறீங்களா? இத படிங்க

மொதல்ல பேப்பர் வேலை, அழுகையோட அழுகையா முடிச்சிடுங்க. இறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிட்டா லேட் ஃபீஸ் இல்ல, அந்த சர்டிபிகேட்ட வச்சு இ-சேவைல வாரிசு சான்றிதழுக்கு அப்ளை பண்ணலாம், கையெழுத்து போடுறது தாசில்தார்.

அப்புறம் தான் கஷ்டமான பார்ட். மாமா வீட்ல எவ்ளோ பாசமா இருந்தாலும் பசங்களுக்கு விருந்தாளி மாதிரியே தான் இருக்கும், ஃப்ரிட்ஜ தொறக்கவே யோசிப்பாங்க, அதனால அவங்களுக்குன்னு ஒரு ஷெல்ஃப் கேட்டு வாங்குங்க, பழைய தலகாணி போர்வையையே போடுங்க, புதுசு வேணாம். அத்தை கிட்ட கரண்ட் பில், மளிகை செலவுல உங்க பங்கு எவ்ளோன்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க (கூச்சமா தான் இருக்கும், பேசாம விட்டா ஆறு மாசத்துல வெடிக்கும்).

"நீதான்டா இனி வீட்டுக்கு ஆம்பள"ன்னு பத்து வயசு பையன் கிட்ட யாராச்சும் சொன்னா அங்கயே தடுத்துடுங்க, ப்ளீஸ். அப்பா பத்தி சாப்பிடும்போது சாதாரணமா பேசுங்க, அவர் அடிச்ச மொக்க ஜோக்கு உட்பட. அம்மா ரொம்ப நாளா தூங்கல சாப்பிடலன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.