பைத்தானில் படக்கோப்பைத் திறப்பதும் எழுதுவதும்: பில்லோ நிரலகத்தின் முதல் படிகள்

பைத்தான் மொழியில் ஒரு படத்தைத் திறந்து, அளவை மாற்றி, வேறொரு வடிவத்தில் சேமிக்க வேண்டும் என்றால் பெரும்பாலோர் முதலில் நாடுவது பில்லோ நிரலகத்தைத்தான் (நிரலகம் என்பது ஆயத்த நிரல்களின் தொகுப்பு). திறக்க ஒரு வரி, சேமிக்க ஒரு வரி போதும் என்பதால் இது மிக எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு வரிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. படிக்கும்போது பில்லோ கோப்பின் பெயரைப் பொருட்படுத்தாமல் உள்ளடக்கத்தைப் பார்த்தே வடிவத்தை முடிவு செய்கிறது. எழுதும்போதோ பெயரின் நீட்டிப்பை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை, பார்த்து முடிவு செய்கிறது. புதியவர்களுக்கு வரும் குழப்பங்களில் பல இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். 'இமேஜ்' என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்தாகவும், ஓப்பன், லோடு, சேவ் போன்றவை முழுவதும் சிறிய எழுத்தாகவும் இருக்கும். மாறிகளின் பெயர்களை மட்டும் நீங்கள் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

படி 1: நிறுவுதல்

முனையத்தில் 'பிப் இன்ஸ்டால் பில்லோ' என்று கொடுத்தால் நிரலகம் நிறுவப்பட்டுவிடும். ஆனால் நிரலுக்குள் அதை அழைக்கும்போது பில்லோ என்ற பெயர் வராது. பிஐஎல் என்ற பெயரே வரும். ஃபிரெட்ரிக் லுண்ட் 1995இல் வெளியிட்ட பிஐஎல் நிரலகத்தின் வளர்ச்சி 2009ஆம் ஆண்டு வெளியீட்டோடு நின்றுவிட்டது. அதன் மூலநிரலிலிருந்து 2010இல் கிளைத்ததுதான் பில்லோ. பழைய நிரல்கள் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பதற்காக அழைக்கும் பெயர் அப்படியே விடப்பட்டது. இரண்டையும் ஒரே சூழலில் சேர்த்து நிறுவக் கூடாது.

படி 2: திறத்தல்

ஃப்ரம் பிஐஎல் இம்போர்ட் இமேஜ்
படம் = இமேஜ்.ஓப்பன்("மலை.ஜேபிஜி")
பிரிண்ட்(படம்.ஃபார்மட், படம்.சைஸ், படம்.மோடு)

இந்த மூன்று வரிகளை ஓட்டினால் ஜேபெக், (4000, 3000), ஆர்ஜிபி என்பது போன்ற விடை கிடைக்கும். முதலாவது கோப்பின் வடிவம், இரண்டாவது அகலமும் உயரமும், அதே வரிசையில், மூன்றாவது நிறமுறை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகள் கொண்டது ஆர்ஜிபி, அவற்றோடு ஒளிபுகு அடுக்கும் சேர்ந்தது ஆர்ஜிபிஏ, சாம்பல் நிறப் படம் எல், நிறப் பட்டியல் கொண்ட படம் பி. எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் இந்த மூன்றையும் அச்சிட்டுப் பார்க்கும் பழக்கத்தை நான் வலியுறுத்துவேன். சேமிக்கும்போது எழும் சிக்கல்களில் பாதியை மோடு என்ற ஒன்றே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு பிஎன்ஜி கோப்பின் நீட்டிப்பை ஜேபிஜி என்று கையால் மாற்றிவிட்டுத் திறந்தால், ஃபார்மட் என்பது பிஎன்ஜி என்றே காட்டும். பெரும்பாலான படக்கோப்புகள் தம் வடிவத்துக்கே உரிய சில பைட்டுகளோடு தொடங்குகின்றன. பில்லோ அவற்றைப் படித்தே எந்த வடிவம் என்று கண்டுகொள்கிறது.

ஓப்பன் கட்டளை படம் முழுவதையும் படித்துவிடுவதில்லை என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படித்து, வடிவத்தையும் அளவையும் தெரிந்துகொண்டு, கோப்பைத் திறந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. பிக்சல்கள் தேவைப்படும் முதல் செயலின்போது, அதாவது நீங்கள் அளவை மாற்றும்போதோ சேமிக்கும்போதோ லோடு கட்டளையை நேரடியாக அழைக்கும்போதோதான், மீதி படிக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான படங்களின் அளவை மட்டும் பட்டியலிட வேண்டியிருந்தால் இந்தச் சோம்பல் பெரும் நன்மை. 6000க்கு 4000 என்ற அளவுள்ள வண்ணப் படத்தில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்று கொண்டாலும் நினைவகத்தில் அது 7 கோடியே 20 லட்சம் பைட் இடத்தைப் பிடிக்கும், வட்டில் அந்த ஜேபெக் கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

இதே சோம்பலுக்கு மறுபக்கமும் உண்டு. பதிவிறக்கம் பாதியில் நின்றுபோன கோப்பு ஓப்பன் வரியில் எந்தக் குறையும் காட்டாமல் திறந்துகொள்ளும். பல வரிகள் தள்ளி, பிக்சல்களைத் தொடும் இடத்தில்தான் பிழை எழும். பிழை வந்த வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் புலப்படாது. அதோடு, கோப்பு திறந்தே இருப்பதால் விண்டோஸ் கணினியில் அதை அழிக்கவோ பெயர் மாற்றவோ முயன்றால் மறுக்கப்படலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து, வித் என்ற தொகுதிக்குள் திறந்து, உடனே லோடு செய்வது:

வித் இமேஜ்.ஓப்பன்("மலை.ஜேபிஜி") அஸ் படம்:
    படம்.லோடு()

தொகுதி முடிந்ததும் கோப்பு மூடப்பட்டுவிடும். பிக்சல்கள் ஏற்கெனவே நினைவகத்துக்கு வந்துவிட்டதால் படத்தை அதன் பிறகும் பயன்படுத்தலாம். உள்ளே லோடு செய்யாமல் வெளியே வந்து பயன்படுத்த முயன்றால் பிழைதான் கிடைக்கும்.

திறக்கும்போதே வரும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு வகை. கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால் கோப்பின் பாதையைச் சரிபாருங்கள். வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து ஓட்டப்படுகிறதோ அங்கேதான் பைத்தான் தேடும், நிரல்கோப்பு இருக்கும் இடத்தில் அல்ல. அன்ஐடென்டிஃபைடு இமேஜ் எரர் என்று வந்தால், கோப்பு இருக்கிறது, ஆனால் பில்லோவுக்குத் தெரிந்த எந்தப் பட வடிவத்தோடும் அது பொருந்தவில்லை என்று பொருள்; படத்துக்குப் பதிலாக ஒரு வலைப்பக்கமே ஜேபிஜி என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும் நிலையும் இதில் அடங்கும்.

படி 3: நிமிர்த்துதல்

கைப்பேசியில் எடுத்த படம் பில்லோவில் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கலாம். படத்தை எத்திசையில் காட்ட வேண்டும் என்ற குறிப்பைக் கருவி, கோப்புக்குள் படத்தோடு சேர்த்து வைக்கும் எக்ஸிஃப் தகவலில் எழுதியிருக்கும். ஓப்பன் கட்டளை அதைத் தானாகச் செயல்படுத்தாது. பிஐஎல் தொகுப்பிலிருந்து இமேஜ்ஆப்ஸ் பகுதியையும் அழைத்துக்கொண்டு, 'படம் = இமேஜ்ஆப்ஸ்.எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ்(படம்)' என்ற வரியைச் சேர்த்தால் போதும்.

படி 4: எழுதுதல்

படம்.சேவ்("மலை.பிஎன்ஜி")

இந்த ஒரு வரியில் ஜேபெக் படம் பிஎன்ஜி படமாகிவிடுகிறது. நீட்டிப்பே இங்கே ஆணை. நீட்டிப்பை விட்டுவிட்டாலோ பில்லோ அறியாத ஒன்றைக் கொடுத்தாலோ சேமிப்பு நின்றுவிடும். அப்போது ஃபார்மட் என்ற உள்ளீட்டில் வடிவத்தின் பெயரைத் தனியாகத் தர வேண்டும்.

எதிர்த்திசையில் போகும்போது, அதாவது ஒளிபுகு பின்னணியுள்ள பிஎன்ஜி படத்தை ஜேபெக்காக எழுதும்போது, ஆர்ஜிபிஏ நிறமுறையை ஜேபெக்கில் எழுத முடியாது என்ற பிழை வரும். ஜேபெக் வடிவத்தில் ஒளிபுகு அடுக்குக்கு இடமில்லை. கன்வெர்ட்("ஆர்ஜிபி") என்று மாற்றினால் பிழை மறைந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தக் கட்டளை ஒளிபுகு அடுக்கை வெறுமனே கழற்றிவிடுவதால், அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இடங்களில் ஒளிந்திருந்த நிறம், பல நேரங்களில் கறுப்பு, மேலே வந்துவிடும். வெள்ளைத் தளம் ஒன்றை உருவாக்கி அதன்மேல் ஒட்டுவதே முறையானது:

தளம் = இமேஜ்.நியூ("ஆர்ஜிபி", படம்.சைஸ், "ஒயிட்")
தளம்.பேஸ்ட்(படம், மாஸ்க்=படம்)
தளம்.சேவ்("சின்னம்.ஜேபிஜி", குவாலிட்டி=85)

இது ஆர்ஜிபிஏ படத்துக்கு மட்டுமே பொருந்தும். நிறமுறை பி என்று இருந்தால் முதலில் கன்வெர்ட்("ஆர்ஜிபிஏ") செய்துகொள்ளுங்கள்.

குவாலிட்டி என்பதைக் குறிப்பிடாவிட்டால் ஜேபெக்குக்கு 75 எடுத்துக்கொள்ளப்படும். 95க்கு மேல் போவதைத் தவிர்க்கும்படி பில்லோவின் ஆவணமே சொல்கிறது. அதற்கு மேல் கோப்பு பெருக்கும் அளவுக்குத் தரம் உயர்வதில்லை. ஜேபெக் ஒவ்வொரு முறை எழுதப்படும்போதும் சிறிது நுணுக்கத்தை இழப்பதால், இடைக்காலப் படிகளைப் பிஎன்ஜியாக வைத்திருந்து கடைசியில் ஒருமுறை மட்டும் ஜேபெக்காக எழுதுவது நல்லது. எக்ஸிஃப் தகவலும் ஜேபெக் சேமிப்பில் தானாகக் கூட வருவதில்லை; தேதியோ கருவியின் பெயரோ வேண்டுமென்றால் 'எக்ஸிஃப்=படம்.கெட்எக்ஸிஃப்()' என்று சேவ் கட்டளைக்குள் சேர்க்க வேண்டும்.

மூலக்கோப்பின் பெயரிலேயே சேமிக்காதீர்கள். சேவ் கட்டளை இருக்கும் கோப்பைக் கேட்காமலே மேலெழுதும். எழுதும் நடுவில் பிழை வந்தால் பழைய படமும் போய்விடலாம்.

வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே எழுதவும் முடியும். நினைவகத்தில் இருந்தபடியே கோப்பைப் போல நடந்துகொள்ளும் ஐஓ தொகுப்பின் பைட்ஸ்ஐஓ ஒன்றை உருவாக்கி, கோப்புப் பெயருக்குப் பதிலாக அதைச் சேவ் கட்டளைக்குக் கொடுங்கள். இங்கே நீட்டிப்பு என்ற ஒன்றே இல்லாததால் ஃபார்மட் உள்ளீடு கட்டாயம். எழுதிய பின் உடனே அதன் பைட்டுகளை ரீட் கட்டளையால் படிக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் சீக்(0) என்று தொடக்கத்துக்குத் திரும்புங்கள்.

அசையும் ஜிஃப் படங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. அசைவை உருவாக்கும் தனித்தனிப் படம் ஒவ்வொன்றும் ஒரு சட்டம்; ஓப்பன் கட்டளை முதல் சட்டத்தில் நிற்கும். மற்றவற்றுக்குச் சீக் மூலம் நகர வேண்டும். எல்லாச் சட்டங்களையும் சேர்த்து எழுத, சேவ் கட்டளையில் 'சேவ்_ஆல்=ட்ரூ' என்று கொடுங்கள்; கொடுக்காவிட்டால் அப்போது நிற்கும் ஒரே சட்டம் அசையாப் படமாகச் சேமிக்கப்படும்.