வெள்ள நிவாரணத்துக்கு நிதி திரட்டும் ஊர்க்காரர் சங்கங்களுக்கு

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைப்புக்காக மதுரைக்கு வந்து குடியேறியவர்களின் சங்கங்கள், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் போன்ற பேரிடர் நேரும்போது, வசூலில் இறங்கும் முன்பே கணக்குவழக்கை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். பணம் சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தனி ஒருவரின் ஜிபே எண்ணைப் பகிர்வது, அவர் எவ்வளவு நல்லவராயினும், பின்னாளில் மனக்கசப்பையே தரும்.

கீழமாசி வீதிக் கடைகளில் உண்டியல் குலுக்குவதைவிட, ரசீதுப் புத்தகத்துடன் இருவர் இருவராகச் செல்வதே நல்லது. ஒவ்வொரு ரசீதிலும் வரிசை எண்ணும் பணம் வாங்கியவர் கையொப்பமும் இருக்க வேண்டும். தவறாக எழுதியதைக் கிழித்தெறியாமல், குறுக்குக் கோடிட்டு ‘ரத்து’ என்றெழுதி, அடிக்கட்டையோடு புத்தகத்திலேயே வைக்க வேண்டும். நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் சலுகை தரும் 80ஜி பதிவு பெற்ற சங்கமாயினும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு அந்த வரிச்சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் வாழும் உறவினர் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரிடம், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி அனுமதியில்லாத சங்கம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

பழந்துணி வேண்டவே வேண்டாம். வீடிழந்து நிற்பவரிடம் பிறர் உடுத்திக் கழித்ததை நீட்டுவது அவரை மேலும் நோகடிக்கும். போர்வை, நாப்கின், பால்மாவு என எது தேவை என்று அந்த ஊராரிடமே கேட்டு, எந்தச் சாலை திறந்திருக்கிறது என விசாரித்த பிறகே வண்டியை அனுப்புங்கள். மீந்த தொகையை முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குச் செலுத்தி, அந்த ரசீதையும் வரவுசெலவுக் கணக்கோடு சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.