32 டிகிரி என்றால் பனி: அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் குமரி மாவட்டத்தாருக்கு அளவைகள் பற்றிய வழிகாட்டி

நாகர்கோவிலில் 32 டிகிரி என்றால் அது வழக்கமான ஒரு பிற்பகல். அமெரிக்காவில் கைப்பேசி 32 டிகிரி என்று காட்டினால், அன்று காலை காரின் முன்கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். இங்கே வெப்பநிலை பாரன்ஹீட்டிலும், தூரம் மைலிலும், எடை பவுண்டிலும், பெட்ரோல் கேலனிலும் சொல்லப்படுகின்றன. வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருகின்ற நம் மாவட்டத்தாருக்கும் இது புதிதுதான். அங்கேயும் ஊரில் உள்ளதைப் போலவே கிலோவும் கிலோமீட்டரும் புழக்கத்தில் இருப்பதால், அளவைகளைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு வந்திருக்காது. மென்பொருள் பணிக்கோ, செவிலியர் வேலைக்கோ, மேற்படிப்புக்கோ, மகளின் பிரசவத்துக்குத் துணையாகவோ முதன்முறையாக வருபவர்கள் இந்த அளவைகளை எப்படிக் கையாள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இந்த நாடு மெட்ரிக் முறைக்கு முழுவதுமாக மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்துக்கும் இந்த வழிகாட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களில்தான் ஆபத்து இருக்கிறது; புதிதாக வருபவர்கள் விழிப்பாக இருக்க வேண்டியதும் அதே இடங்களில்தான்.

முதலில், பயப்பட வேண்டாம். நாம் ஊரிலேயே இரண்டு முறைகளையும் கலந்து பயன்படுத்தித்தான் வாழ்ந்திருக்கிறோம். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் அடியிலும், நீர்வரத்தைக் கன அடியிலும், அதே செய்தியில் மழையளவை மில்லிமீட்டரிலும் எழுதுகின்றன. தோவாளைச் சந்தையில் கிலோவுக்கு விலை பேசப்படும் பிச்சிப்பூ, கோயில் வாசலில் முழத்துக்கு விற்கப்படுகிறது. ஆளின் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும், வீட்டின் பரப்பைச் சதுர அடியிலும் சொல்வது நமக்கு இயல்பு. வெயிலைச் செல்சியஸில் சொல்கின்ற நாம், காய்ச்சலை மட்டும் ‘நூற்றொன்று’ என்று பாரன்ஹீட்டில்தான் சொல்கிறோம்; அதனால் இங்குள்ள தெர்மாமீட்டர் உங்களுக்குப் புதிதாகத் தோன்றாது. இயல்பான உடல் வெப்பம் 98.6 என்பது ஊரில் படித்த அதே எண்தான், 100.4-ஐத் தொட்டால் காய்ச்சல் என்று இங்குள்ள மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

நிலம் விஷயத்தில் நமக்கு ஒரு சாதகமும் உண்டு. இங்கே விற்பனைக்கு வரும் வீடுகளின் மனையளவை ஏக்கரில், 0.18 ஏக்கர், 0.25 ஏக்கர் என்று போடுகிறார்கள். ஏக்கரின் நூறில் ஒரு பங்குதான் சென்ட் என்பதால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை அப்படியே சென்ட் என்று வாசித்துவிடலாம்: 18 சென்ட், 25 சென்ட். மார்த்தாண்டத்தில் ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டியவருக்கு, கால் ஏக்கர் என்பது எவ்வளவு பெரிய இடம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மிகுந்த கவனம் வேண்டியது மருந்தில். குழந்தைகளோடு வருபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊரில் நாம் பாராசிட்டமால் என்று அழைக்கும் மருந்து இங்கே அசிட்டமினோபென் என்ற பெயரில் விற்கப்படுகிறது. இங்குள்ள குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் மருந்து இருக்கும். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கலாம், 250-ம் இருக்கலாம். ஆகவே, ‘ஊரில் ஐந்து மில்லி கொடுத்தோம், இங்கேயும் அதையே கொடுப்போம்’ என்பது சரியாகாது. ஊர் மருந்து ஊரோடு இருக்கட்டும். இங்கே வாங்கியதை இங்குள்ள மருத்துவரோ மருந்தாளுநரோ சொன்ன அளவில் கொடுங்கள்.

அந்த அளவை எப்போதும் மில்லியில் கேட்டு வாங்குங்கள். டீஸ்பூன் என்பது 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்பது 15 மில்லி. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இவ்விரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்தைத் தவறாக வாசித்தால் குழந்தையின் வயிற்றுக்குள் மூன்று மடங்கு மருந்து போய்விடும். சமையலறைக் கரண்டியோ ஆளுக்கு ஓர் அளவில் இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ஆம் ஆண்டிலேயே, வாய்வழி கொடுக்கும் திரவ மருந்துகளை மில்லிலிட்டரில் மட்டுமே குறிப்பிட வேண்டும், ஸ்பூன் கணக்கை விட்டுவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. மருந்துக்கடையில் கேட்டால் மில்லி கோடுகள் போட்ட, ஊசி இல்லாத சிறிய சிரிஞ்ச் ஒன்றைத் தருவார்கள். அதில் மருந்தை இழுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் குழந்தையின் கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

எடையும் அப்படித்தான். குழந்தைக்கான மருந்தளவு கிலோவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆனால் வீட்டிலுள்ள எடைக்கருவி பவுண்டைக் காட்டுகிறது. பத்துக் கிலோ குழந்தை அதில் 22 என்று தெரியும். அந்த 22-ஐ யாராவது கிலோ என்று எழுதிவிட்டால், கணக்கில் எந்தப் பிழையும் இல்லாமலேயே மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். செவிலியராக வருகின்ற நம் பிள்ளைகளுக்கு இது தினமும் எதிர்ப்படும் விஷயம்: மருத்துவமனைக்குள் மில்லிகிராமும் கிலோவும் ஆட்சி செய்கின்றன, நோயாளியும் உறவினரும் பவுண்டில் பேசுகிறார்கள். நோயாளி வாயால் சொன்ன எண்ணை எழுதாமல், நீங்களே எடை பார்த்துக் கிலோவில் எழுதுங்கள்.

கடைக்குப் போவோம். ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 2.2 பவுண்டு. தக்காளி பவுண்டு 1.99 டாலர் என்று எழுதியிருந்தால் கிலோ 4.38 டாலர். இந்தியக் கடைகளில் கிடைக்கும் 20 பவுண்டு அரிசிப் பையில் ஒன்பது கிலோவும் சொச்சமும் இருக்கும். உறையவைத்த மரச்சீனிக் கிழங்குப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழ் ஓரத்தில் 16 அவுன்ஸ் என்றும் பக்கத்திலேயே 454 கிராம் என்றும் இரண்டும் அச்சிட்டிருக்கும். பெரும்பாலான பொட்டலப் பொருள்களில் இரு அளவுகளையும் போடுவது சட்டப்படி கட்டாயம் என்பதால், அந்த கிராம் எண்ணைத் தேடி வாசிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அவுன்ஸ் என்ற பெயரில் எடைக்கு ஒன்று, திரவத்துக்கு ஒன்று என இரண்டு உண்டு. எடை அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல், திரவ அவுன்ஸ் 30 மில்லிக்குச் சற்றுக் குறைவு. தங்கத்துக்கு இன்னோர் அவுன்ஸ், 31.1 கிராம், ஆனால் இங்குள்ள நம்மவர் நகைக்கடைகளில் கிராமில்தான் விற்கிறார்கள், எட்டுக் கிராம் ஒரு பவுன் என்ற கணக்கு அப்படியே உதவும்.

சாலையில் 25 என்ற பலகை மணிக்கு 40 கிலோமீட்டர். 65 என்றால் 105. கார் மீட்டரும் மைலில்தான் காட்டும், ஆகவே மனதுக்குள் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கேலன் 3.785 லிட்டர், கேலனுக்கு 25 மைல் ஓடும் வண்டி லிட்டருக்குப் பத்தரைக் கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்ளலாம். கேக் சுடும் அடுப்பில் 350 என்பது செல்சியஸில் 177. வானிலைக்கு 32 உறைநிலை, 50 ஸ்வெட்டர், 70 இதம், 90 நம் ஊர் வெயில் என்று நான்கு எண்களை நினைவில் வைத்தால் போதுமானது.

இனி, இந்த நாடு ஏன் மாறவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். உண்மையில் அமெரிக்கா மெட்ரிக் முறையை அறியாத நாடே அல்ல. 1866-ல் அதைச் சட்டப்பூர்வமாக்கியது. 1875-ல் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட முதல் நாடுகளில் ஒன்றாக இருந்தது. 1893 முதல் இங்குள்ள கெஜமும் பவுண்டும் மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. மருந்து, ஒயின், விஸ்கி, கார் தொழிற்சாலை, ஆய்வகம் எல்லாம் மாறிவிட்டன. 1975-ல் நிறைவேறிய மெட்ரிக் மாற்றச் சட்டம், விருப்பமுள்ளவர்கள் மாறலாம் என்று சொன்னதோடு நின்றது. அதற்காக அமைக்கப்பட்ட வாரியமும் 1982-ல் கலைக்கப்பட்டது. ‘விருப்பம்’ என்று விட்டால் அளவை மாறவே மாறாது என்பதற்குக் காய்கறிக் கடையே சான்று. தெருவில் ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் கிலோ விலையை எழுதி வைத்தால், பக்கத்துக் கடையை விட இரண்டு மடங்கு விலை போல் தெரியும். வாடிக்கையாளர் உள்ளே கூட நுழையமாட்டார். எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும். அந்த நாளைக் குறிப்பது அரசின் வேலை.

சாலைப் பலகைகள், நிலப்பத்திரங்கள், குழாய் மரைகள், தச்சர்களின் கருவிகள் எல்லாவற்றையும் மாற்றச் செலவாகும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்றச் செலவு ஒரு முறை, கலப்பின் செலவு ஒவ்வொரு நாளும். 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குச் சென்ற ஆய்வுக் கலம் ஒன்று, ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் கொடுத்த எண்ணை இன்னொன்று மெட்ரிக் அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால் அழிந்தது. கனடாவில் மாற்றம் நடந்துகொண்டிருந்த 1983 ஜூலையில், எரிபொருளின் எடையைக் கிலோவில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டு எண் நுழைந்துவிட, ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்னும் இடத்தில் இயந்திர விசையின்றிக் காற்றில் மிதந்தே தரையிறங்கியது. பயணிகள் அனைவரும் பிழைத்தார்கள். இதை மெட்ரிக்குக்கு எதிரான சான்றாகச் சிலர் காட்டுவார்கள். அரைகுறையாக நிற்பதற்கு எதிரான சான்றாகவே நான் காண்கிறேன்.

சாதாரண மக்களால் முடியாது என்ற வாதத்தை மட்டும் குமரி மாவட்டத்தில் பிறந்த எவராலும் ஏற்க முடியாது. திருவிதாங்கூரின் சக்கரம் என்ற நாணயத்தில் காசு எண்ணியவர்கள், 1949-க்குப் பின் இந்திய ரூபாயின் அணாவுக்கு மாறினார்கள். 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் எடை அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் மீட்டரும். நெல்லைக் கோட்டை, மரக்கால் என்ற பழைய அளவைகளில் அளந்து, வயலின் பரப்பையே அதில் விதைக்கும் நெல்லின் அளவான விதைப்பாட்டில் சொன்ன நாஞ்சில் நாட்டு மக்கள், நாடும் நாணயமும் அலுவலக மொழியும் மாறிக்கொண்டிருந்த அதே சில ஆண்டுகளில் இதையும் செய்து முடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலரும் அவர்களில் இருந்தார்கள்.

எல்லாம் மாற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை 133 அடி. குறளின் 133 அதிகாரங்களுக்காக வைத்த அந்த உயரத்தை 40.5 மீட்டர் என்று எழுதுவதில் பொருள் இல்லை. பேச்சில் மைல் இருக்கட்டும், ஆளின் உயரம் அடியில் இருக்கட்டும். வணிகத்திலும், சாலையிலும், மருத்துவத்திலும் ஒரே முறை இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுகோள். வாக்குரிமை பெற்றுவிட்ட நம்மவர்கள், தங்கள் பகுதி மக்கள் பிரதிநிதியிடம் இதை எழுதிக் கேட்கலாம்.

அதுவரை, கைப்பேசியில் வானிலையைப் பாரன்ஹீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது என்றைக்கும் பிடிபடாது. சமையலறைத் தராசையும் எடைக்கருவியையும் மட்டும் கிராம், கிலோவுக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலானவற்றின் அடிப்புறத்தில் அதற்கென்று ஒரு சிறிய பொத்தான் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவரும் தடுப்பூசி அட்டையில் குழந்தையின் எடையும் உயரமும் கிலோவிலும் சென்டிமீட்டரிலும்தான் இருக்கும். அதைப் பவுண்டாக மாற்றி எழுதாமல் அப்படியே கொடுங்கள். மருத்துவருக்கு வேண்டியது அந்த எண்தான்.