அக்னிவீர் ராணுவ ஆள்சேர்ப்பு ரேலிக்கு முன் உடலைத் தயார்செய்ய

1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். அதாவது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 விநாடி. பலரும் முதல் சுற்றை 70-ல் பறந்துவிட்டு மூன்றாவதில் மூச்சிரைத்து விடுகிறார்கள். வாரம் இருமுறை 400 மீட்டரை 80 விநாடியில் ஆறு தடவை ஓடுங்கள். இடையே 90 விநாடி நடை. மற்ற நாட்களில் மெதுவாக 4 கி.மீ. போதும். தார்ச்சாலை வேண்டாம், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். மண் தரைதான் நல்லது.

பீமில், அதாவது கிடைக்கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப்ஸ் 10 எடுத்தால் 40 மதிப்பெண். ஒன்றுகூட வரவில்லையா? ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து விநாடியில் மெல்ல இறங்கிப் பழகுங்கள்.

எடை கூடுதலென்றால் மூன்று மாதம் முன்பே தொடங்கி வாரம் அரை கிலோ குறையுங்கள். கடைசி வாரப் பட்டினி ஓட்டத்தையே கெடுக்கும்.