14 நொடிக்குள் ஒரு ரேவ் டிராக்: லியாம் ஹவ்லெட் வழியில் முதல் முயற்சி

ரேவ் இசை, அதாவது ரேவ் என்னும் நடன விருந்துகளுக்கான வேகமான மின்னணு இசை, செய்ய என்னென்ன வாங்கணும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது லியாம் ஹவ்லெட்டின் கதைதான். ‘தி பிராடிஜி’ என்ற இசைக்குழுவின் இசையை உருவாக்கியவர். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் பிரெயின்ட்ரீ ஊர்க்காரர், 1971-இல் பிறந்தவர். சின்ன வயதில் பியானோ படித்தார், அப்புறம் ஒரு ஹிப்-ஹாப் குழுவில் டிஜே. ரேவ் பக்கம் வந்தபோது அவருடைய முக்கியக் கருவி ரோலண்ட் டபிள்யூ-30. கீபோர்டு, ஒலித்துண்டுகளை (சாம்பிள்) பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர், அவற்றை வரிசைப்படுத்தி ஓட்டும் 16 டிராக் சீக்வென்சர், பிளாப்பி டிரைவ் எல்லாம் ஒரே பெட்டியில்.

ரேவ் விருந்தில் பழக்கமான, பின்னாளில் அதே குழுவில் பாடகரான கீத் ஃபிளின்ட் ஒரு மிக்ஸ் டேப் கேட்டார். ஹவ்லெட் கேசட்டின் மறுபக்கத்தில் தன் சொந்த டிராக்குகளைப் பதிந்து, மேலே ‘பிராடிஜி’ என்று எழுதிக் கொடுத்தார். அது ஒரு மூக் சிந்தசைசரின் பெயர். டபிள்யூ-30-இல் செய்த 10 டிராக் டெமோவைக் கேட்டுத்தான் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் என்ற இசை நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் இசைத்தட்டு 1991-இல் வந்தது.

அந்தப் பெட்டியின் நினைவகத்தில், 30 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுமார் 14 நொடி ஒலிதான் அடங்கும். ரேவின் குணத்தில் பாதி இந்த நெருக்கடியில் பிறந்தது என்றே நான் நம்புகிறேன். அதனால் நாமும் மொத்தம் 14 நொடி ஒலித்துண்டுகளை மட்டும் வைத்து ஒரு டிராக் செய்வோம். ஒலியை வெட்டித் திருத்த ஆடாசிட்டி, இசையை அடுக்க எல்எம்எம்எஸ் என்ற இரண்டு கணினி மென்பொருள்களும் போதும், இரண்டும் இலவசம்.

படி 1: பிரேக்கை வெட்டுதல்

பழைய ஃபங்க் பாட்டுகளில் மற்ற வாத்தியங்கள் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடம்தான் பிரேக். மறுபயன்பாட்டுக்கு அனுமதி உள்ள பதிவையே எடுங்கள். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறேழு நொடி டிரம்ஸ் ஆயிரக்கணக்கான டிராக்குகளில் இருக்கிறது. 2006-இல் இறக்கும்வரை அதற்காக அவருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்து, கிக் டிரம் எழும் இடத்திலிருந்து சரியாக 8 தாள அடிகளை (பீட்) தேர்ந்தெடுங்கள். வெட்டும் முன் ‘இசட்’ விசையை அழுத்துங்கள். தேர்வின் இரு முனைகளும் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகரும், பிரேக் திரும்பத் திரும்பச் சுற்றி வரும்போது ‘டிக்’ சத்தம் வராது. 110 பிபிஎம் (நிமிடத்துக்கு 110 அடி) வேகப் பிரேக் என்றால் நீளம் 4.36 நொடி இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் வாலில் ஒட்டியிருப்பதை நறுக்குங்கள்.

படி 2: 45-இல் சுழற்றுதல்

அன்றைக்கு நினைவகத்தை மிச்சப்படுத்த, நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டிய இசைத்தட்டை 45 முறை சுற்றும் வேகத்தில் ஓடவிட்டுப் பதிவார்கள். ஆடாசிட்டியில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் எஃபெக்டிலேயே இந்த இரண்டு எண்களும் தயாராக இருக்கும். போட்டால் 4.36 நொடி 3.23 ஆகச் சுருங்கும், 110 பிபிஎம் 148.5 ஆகும்.

இப்போது அதை எல்எம்எம்எஸ்ஸின் ஆடியோஃபைல்ப்ராசசரில் ஏற்றி, கறுப்புக் கட்டையும் சேர்த்து எண்ணி, அடிப்படைக் கட்டைக்கு ஒரு கட்டை கீழே வாசியுங்கள். வேகம் 140-க்கு வந்துவிடும். அச்சு அசலான ரேவ் வேகம்! இடத்தை மிச்சம்பிடிக்கச் செய்த வேலையிலேயே வேகமும் கிடைத்துவிட்டது. சினேர் டிரம் கொஞ்சம் இறுகி ஒலிப்பதும் இதனால்தான், அதைச் சரிசெய்யப் போகாதீர்கள்.

படி 3: ஸ்டாப்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஸ்டாப் (stab) என்பது குத்துவதுபோல் சட்டென்று ஒலித்து நிற்கும் ஒரு கார்டு (chord), அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். ஆர்கன் அல்லது ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் ஏ, சி, ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தி, முக்கால் நொடி மட்டும் பதிந்துகொள்ளுங்கள். இந்த மைனர் கார்டு இனி ஒரே சாம்பிள். ஒற்றை விரலால் மெட்டு வாசித்துப் பாருங்கள். கீபோர்டில் முறைப்படி வாசித்தால் ஸ்கேலுக்கு ஏற்ப ஒரு கார்டு மைனராகும், அடுத்தது மேஜராகும். இங்கே எந்தக் கட்டையிலும் அதே மைனர்தான் பெயர்ந்து வரும், மெட்டு ஒரு ஸ்கேலுக்குள் அடங்காது. அந்த லேசான பதற்றம்தான் ரேவ். கட்டை மேலே ஏற ஏற சாம்பிள் குட்டையாகும், அதையும் தாளத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: மீதி

பேஸுக்கு (அடித்தள ஒலி) 1 நொடி, நீங்களே பேசிப் பதிந்த ஒரு குரல் துண்டுக்கு 2 நொடி. இதுவரை 7 நொடிதான் ஆகியிருக்கிறது, இன்னொரு பிரேக்குக்கு இடம் தாராளம். எல்லாவற்றையும் ஆடாசிட்டியில் 30000 ஹெர்ட்ஸுக்கு மாற்றிச் சேமியுங்கள். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது போய்விடும், சிம்பலின் பளபளப்பு மங்கும்.

எல்எம்எம்எஸ்ஸில் அடுக்கும்போது முதல் 8 பார் (ஒரு பாருக்கு 4 அடி) பிரேக் மட்டும் ஓடட்டும், அப்புறம் பேஸ். ஸ்டாபை அடியின் மேலேயே வைக்காமல் அரை அடி தள்ளி வையுங்கள். 140-இல் அது 0.21 நொடிதான், ஆனால் கேட்டவுடன் தோள் தானாக ஆடும்.