எல்லாருக்கும் ஒரே கேக்: முட்டை, பால், நட்ஸ் இல்லாத சாக்லேட் கேக் செய்வது எப்படி?

விருந்துக்கு வருகிறவர்களில் ஒருவர் முட்டை தொட மாட்டார். இன்னொருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். இப்படியொரு பட்டியல் வந்ததும் பலர் வழக்கமான கேக் ஒன்றைப் பெரிதாகவும், ‘அவங்களுக்கு’ என்று சின்னதாக இன்னொன்றையும் செய்வார்கள். வேலையும் இரட்டிப்பு, செலவும் இரட்டிப்பு. தனித் தட்டில் சாப்பிடுகிறவருக்கோ சங்கடம்.

கேக்கில் காசை விழுங்குவது எது என்று பாருங்கள்: வெண்ணெய், முட்டை, பால், நட்ஸ். விருந்தினர் பலர் தவிர்ப்பதும் இவற்றைத்தான். நான்கையும் மொத்தமாக எடுத்துவிட்டால் செலவும் குறையும், எல்லாரும் ஒரே கேக்கைச் சாப்பிடலாம். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1930களின் பொருளாதார மந்தத்திலும் பின்பு போர்க்கால ரேஷனிலும் முட்டையும் வெண்ணெயும் கிடைக்காத அமெரிக்க வீடுகளில் புழங்கிய ‘வேக்கி கேக்’ தான் இதற்கு அடிப்படை.

முதலில் போனை எடுங்கள்

மாவைத் தொடுவதற்கு முன் விருந்தினரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என்னென்ன ஆகாது? துளி பட்டாலும் ஆபத்தா, இல்லை விருப்பப்பட்டுத் தவிர்ப்பதா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சிக்கல் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காதது, வயிற்றோடு போய்விடும். பால் அலர்ஜி என்றால் பாலின் புரதத்தோடு உடம்பு சண்டை போடுகிறது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பால் சேர்க்காமல் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கேக் டின்னுக்கு மட்டும் பழக்கதோஷத்தில் வெண்ணெய் தடவிவிட்டேன். விருந்தினர் ‘டின்னுக்கு என்ன தடவினீங்க?’ என்று கேட்டபோதுதான் உறைத்தது. கேக் வெட்டாமலேயே உள்ளே போனது.

தேவையானவை (20 செ.மீ. சதுர டின்னுக்கு, 16 சிறு துண்டுகள்)

மைதா 190 கிராம்
சர்க்கரை 200 கிராம்
இனிப்பில்லாத கோகோ பவுடர் 25 கிராம்
பேக்கிங் சோடா தலைதட்டி 1 டீஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூன்
சூரியகாந்தி எண்ணெய் 80 மில்லி
வெள்ளை வினிகர் 1 டேபிள்ஸ்பூன்
வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்
தண்ணீர் 240 மில்லி

இதில் சில இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. கடலை எண்ணெய் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வெனிலா எசென்ஸ் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கும். அதைத் தவிர்ப்பவர் வந்தால் ஆரஞ்சுப் பழத்தோலைத் துருவிப் போடுங்கள், மணமும் தூக்கலாக இருக்கும். ‘சாக்லேட் டிரிங்க்’ பவுடரைக் கோகோ என்று நினைத்துப் போடாதீர்கள். அதில் பால் பவுடர் கலந்திருக்கலாம். எல்லாப் பாக்கெட்டிலும் பின்பக்கத்தைப் படியுங்கள்: ‘நட்ஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு’ என்ற பொடி எழுத்து அங்கேதான் ஒளிந்திருக்கும்.

செய்முறை

1. ஓவனை 180 டிகிரி செல்சியஸில் சூடாக விடுங்கள். டின்னில் எண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போடுங்கள். இதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். மாவு கலந்தபின் ஓவனுக்காகக் காத்திருந்தால் கேக் அமுங்கிவிடும்.

2. மைதா, கோகோ, சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். கோகோவும் சோடாவும் கட்டி கட்டியாக நிற்கும் குணமுள்ளவை. கரையாத சோடாக் கட்டி வாயில் அகப்பட்டால் சோப்பைக் கடித்தது போலிருக்கும். பிறகு சர்க்கரையைக் கலந்துகொள்ளுங்கள்.

3. மாவில் மூன்று குழி பறியுங்கள். ஒன்றில் எண்ணெய், ஒன்றில் வினிகர், ஒன்றில் எசென்ஸ். மேலே தண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள். குழி பறிப்பது பழைய வழக்கம். பறிக்காவிட்டாலும் கேக் உப்பும். ஆனால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

4. வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கலக்குவதை நிறுத்துங்கள். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். கலக்கக் கலக்க மைதாவிலுள்ள குளூட்டன் என்ற பசைப் புரதம் இறுகி, கேக் ரப்பராகிவிடும். மாவு தோசைமாவைவிடச் சற்று நீர்த்திருப்பது போல் தோன்றும், பயந்து மாவு கூட்டாதீர்கள்.

5. உடனே டின்னில் ஊற்றி ஓவனில் வையுங்கள். முட்டை செய்யவேண்டிய வேலையை இங்கே செய்வது வினிகரும் சோடாவும் சேர்ந்து கிளப்பும் கரியமில வாயு. அது கலந்த நொடியிலேயே கிளம்பிவிடும். ஓவன் சூட்டில் மாவு இறுகும்வரை அதைப் பிடித்துவைக்க வேண்டும். வினிகர் வாசம் வருமோ என்ற கவலை வேண்டாம், வெந்தபின் தெரியாது.

6. 30 முதல் 35 நிமிடம். 28ஆம் நிமிடத்தில் நடுவில் பல்குத்தும் குச்சியைச் செருகிப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல் ஓரிரு துகளோடு வந்தால் எடுத்துவிடலாம். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம்.

7. டின்னிலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு கவிழ்த்து முழுதாக ஆறவிடுங்கள்.

குளூட்டன் ஆகாதவர் வந்தால்

மைதாவுக்குப் பதில் நைசாகச் சலித்த அரிசி மாவு 130 கிராம், கார்ன்ஃப்ளார் 60 கிராம், பொடித்த ஆளிவிதை 1 டேபிள்ஸ்பூன். குளூட்டன் இல்லாத மாவில் பிடிமானம் கிடையாது, ஆளிவிதையின் வழவழப்பு அதை ஓரளவு ஈடுகட்டும். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஆகவே சோடா, வினிகர் இரண்டையும் விட்டுவிட்டு மற்றதைக் கலந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு சோடாவை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, கடைசியாக வினிகர் விட்டு ஓவனுக்கு ஓடுங்கள். நன்றாக ஆறுவதற்கு முன் வெட்டினால் உதிர்ந்துபோகும்.

மால்ட் வினிகர் பார்லியிலிருந்து வருவது, அது ஆகாது. சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கும் நோய்) உள்ளவர் என்றால் பொருள் மாற்றினால் மட்டும் போதாது. ‘குளூட்டன் இல்லை’ என்று குறிப்பிட உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். மைதா சலித்த சல்லடையிலும் பழைய மரக்கரண்டியிலும் ஒட்டியிருப்பது அதைத் தாண்டலாம். அந்தப் பாத்திரங்களைத் தொடாதீர்கள். மாவுப் பாக்கெட்டிலும் ‘குளூட்டன் இல்லை’ என்ற குறிப்பு இருக்கட்டும்.

சர்க்கரை பற்றி

160 கிராம் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கேக் வறண்டுவிடும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்துவைப்பதே சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு இது தகுந்த கேக் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டுக்கொண்டு ஒரு சின்னத் துண்டு, கூடவே பழம் வையுங்கள்.

மேலே பூச

ஐசிங் சர்க்கரை 100 கிராமில் 1 டேபிள்ஸ்பூன் கோகோ, சுடுதண்ணீர் ஒவ்வொரு ஸ்பூனாக. கரண்டியிலிருந்து நாடா போல் வழிந்தால் பதம் சரி. ஆறிய கேக்கில்தான் ஊற்ற வேண்டும்.

முந்தின நாளே செய்துவிடுங்கள். வெண்ணெய் போல் எண்ணெய் உறையாது, அதனால் மறுநாளும் கேக் மெத்தென்றே இருக்கும். ருசிகூட ஒரு பிடி கூடியிருக்கும். பரிமாறும்போது போட்ட பொருள் அத்தனையையும் ஒரு சீட்டில் எழுதித் தட்டருகே வையுங்கள், பாக்கெட்டுகளையும் அதுவரை எறியாதீர்கள். அலர்ஜி உள்ளவர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.